கச்சான் கூட இருந்தால் ஊஞ்சல் இல்லை

பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது லேசு, திருப்பிக் கூட்டி வருவதுதான் பாடு. அந்தப் பாட்டைத் தினமும் கேட்டடியில் நின்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். புத்தளத்தில் களப்புத் தண்ணீர்க் கரையோரமாக இருக்கிற ஒரு சின்னச் சிறுவர் பூங்காவுக்குக் காவலாளி. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி, பெயின்ட் உரிந்த ஒரு சீசோ, நாலு வேப்ப மரம், மிச்சமெல்லாம் மணல். இதை வாசிக்கிற உம்மா வாப்பாமாரே, "ஒரே ஒரு தரம்" என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு வருகிற அதே தலையிடிதான் எனக்கும்.

ஒரே ஒரு தரம்

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னம் கேட்டைப் பூட்ட வேண்டும். கொஞ்சம் முந்தியே விசில் ஊதுவேன். விசில் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது அடைத்துவிடும்.

கரைத்தீவிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு எப்போதாவது பஸ்ஸில் வருவா. ஒரு நாள் அவன் ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று கெஞ்ச, கையில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கேட்டடி வரைக்கும் வந்துவிட்டா. அங்கே வந்தவ திரும்பி அந்த வெறும் ஊஞ்சலைப் பார்த்தா. பேக்கை மகனின் கையில் கொடுத்தா. எனக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக் கூடாது என்று எழுதியிருப்பதை விரலால் காட்டினேன். அவ அசரவில்லை, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா போட்டுச் சொன்னா.

"எங்களுக்குப் பன்னிரண்டு வயசாகக்குள்ள இங்க ஊஞ்சலே இருக்கல்ல நானா. எங்கட ஆட்டம் இன்னும் பாக்கி."

ஐயா வந்த நாள்

மே மாதம் பிறந்தால் எங்கட பக்கம் காற்றுத்தான். மணல் எழும்பிக் கண்ணுக்குள் அடிக்கும். ஆளில்லாத ஊஞ்சல் தானாக ஆடி, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் நெற்றியைப் பதம் பார்க்கும். ஒரு பிள்ளைக்கு அப்படி அடிபட்டதிலிருந்து ஆட்கள் வருவதைக் குறைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நகரசபை மேலதிகாரி ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளே ஒரு காகமும் நானும். அவர் கெட்டவரில்லை, பிள்ளைக்குட்டிக்காரர்தான். ஆனால் டவுனில் வேன் நிற்பாட்ட இடமில்லை என்று அவருக்கு நாலு பக்கத்தாலும் நெருக்கல். ஸ்கூல் விடுமுறை வரைக்கும் பார்ப்போம் என்றார். பிள்ளைகளுக்கு டவுனில் கால் வைத்து ஓட இருப்பது இந்த ஒரு இடம்தான் என்று சொல்ல வாயெடுக்க முன்னம் அவர் திரும்பி நடந்துவிட்டார். ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னது இதுதான்.

"புள்ளைகள் வராத பூங்கா என்னத்துக்கு நானா? வேனாவது நிக்கட்டும்."

பலகை

எப்படியாவது பிள்ளைகளைத் திருப்பி வரப்பண்ண வேண்டும், அடிபடாமலும் பார்க்க வேண்டும். காற்று அடங்கின நேரம் ஆடலாம், கூடின நேரம் வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று பட்டது. தென்மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்றுக்கு எங்கட கடற்கரையில் கச்சான் என்றுதான் பெயர். ஒரு பலகையில் என் கையாலேயே எழுதிக் கேட்டில் கட்டினேன்: "கச்சான் கூட இருந்தால் ஊஞ்சல் இல்லை."

அடுத்த நாளிலிருந்து, வந்துகொண்டிருந்த நாலைந்து பிள்ளைகளும் இல்லை. கேட்டடியில் வறுத்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, கடதாசியில் சுருட்டி விற்கிற சலீமையும் காணோம். தேடிப் போனால் பஸ் நிலையத்தடியில் கடை விரித்திருக்கிறான், பிள்ளைகளெல்லாம் அவனைச் சுற்றி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நின்ற இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வரலாமா என்று ஏசினேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"காத்தெண்டாக் காத்தெண்டு எழுதணும் நானா. கச்சான் கையில இருந்தா ஊஞ்சல் இல்லையெண்டு எழுதி, என்ட வயித்துல அடிச்சிட்டீங்களே."

வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே பலகையைக் கழற்றினேன், சலீமும் திரும்பி வந்தான்.

இன்னும் கொஞ்சம்

சலீம் வந்தான், காற்றுத்தான் போகவில்லை. ஒரு பின்னேரம் கண்டக்குழியிலிருந்து நிஹார் என்கிறவர் மகளோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் ஓடுகிறார்களே, அவர்கள் தங்குகிற ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறவர். மகள் ஊஞ்சலுக்கு ஓடினா. காற்று கூட, மகள், இன்றைக்கு ஏலாது என்றேன். பிள்ளை அழுதது பாருங்கள், எனக்கு இந்தத் தொழிலே வெறுத்துப்போயிற்று.

நிஹார் வண்டியடிக்குப் போனார். வண்டிப் பெட்டிக்குள்ளிருந்து வெள்ளைக்காரர் வீசின கிழிந்த பட்டத் துணியில் ஒரு துண்டை எடுத்தார். தென்னை ஈர்க்கு பொறுக்கினார். நூல் என்னிடம் இருந்தது. வாலுக்குச் சலீமின் கச்சான் கடதாசி. விட்ட கையோடு அந்தப் பட்டம் வேப்ப மரத்துக்கு மேலே போய் நின்றது. நூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் காயாத முகத்தோடு அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டா.

"காவல் மாமா, காத்தை நிப்பாட்டிடாதீங்க. இன்னும் கொஞ்சம் வீசச் சொல்லுங்க."

ஐயா திரும்பி வந்த நாள்

அடுத்த வெள்ளிக்கிழமை நிஹார் மகளின் சாச்சி வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கனமூலையிலிருந்து ஒரு வேன் நிறைய. விடுமுறைக்குள் வானத்தில் பட்டத்துக்கு இடமில்லை. கரைத்தீவுத் தாயும் வந்தா. இந்தத் தரம் மகன் போவோம் என்று நிற்க, அவதான் நூலை விடமாட்டேன் என்றா.

அளவு நாடாவோடு ஐயா வந்தது அப்படியொரு பின்னேரம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டோரம் முழுக்கத் திரீவீலும் மோட்டார் சைக்கிளும். ஜீப் இரண்டு தரம் சுற்றிவிட்டு எங்கேயோ தூரத்தில் நின்றது. சப்பாத்துக்குள் மணலோடு நடந்து வந்தவர், கேட்டடியில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சலீமிடம் ஒரு சுருள் கச்சான் வாங்கினார். நாடாவைப் பொக்கட்டுக்குள் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த இடத்தை வாகனத்துக்குக் குடுத்தா, பொறகு இங்க வாகனமே வராதே நானா."

கச்சான் கூடினால் பூங்கா போச்சு என்று பயந்தவன் நான். இப்போது இரண்டு கச்சானும் கூடத்தான் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.