என் மகன் குடித்த முதல் பால்

என் மகன் மாதம் நிறையாமல் பிறந்தான். இரண்டு கரு கலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு உண்டான பிள்ளை. பிறந்ததும் என் கையில் கொடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெல்லிய குழாய் போட்டுவிட்டார்கள். அது நோன்புப் பெருநாள் வரும் ஷவ்வால் மாதம். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், தாய்மார் வார்டில் படுத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இவனையும் எடுத்துக்கொள்ளாதே" என்று முணுமுணுத்துக் கிடந்தேன்.

எனக்குப் பால் சுரக்கவில்லை. நர்ஸ் சொன்னபடி பிழிந்து பிழிந்து பார்த்தேன். மார்பு கன்றியதுதான் மிச்சம். பவுடர் பால் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் வயிறு உப்பிக்கொண்டது. உடனே நிறுத்திவிட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். தானமாக வரும் தாய்ப்பாலும் அன்றைக்கு இருப்பில் இல்லை. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "இவனுக்குத் தாய்ப்பால்தாம்மா மருந்து. சொட்டு வந்தாலும் கொண்டாங்க."

அந்தச் சொட்டுகூட என்னிடம் இல்லை.

என் அம்மா பத்தியத்தில் கண்டிப்பாக இருந்தார். குழைந்த சோறும் மிளகு ரசமும் சுட்ட பூண்டும்தான் சாப்பாடு. மீன் ஆகாது, முட்டை ஆகாது, கீரை குளிர்ச்சி. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அரை டம்ளர் தருவார். "நெறைய தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சளி புடிக்கும்மா" என்பார். என்னை வதைக்க வேண்டும் என்றா செய்தார்? பயம். எனக்கும் அதே பயம்தான். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் மறுபேச்சுப் பேசவில்லை.

பக்கத்துக் கட்டிலில் செல்வி என்ற பெண் இருந்தாள். புதுச்சத்திரம் பக்கம், காட்டுவேலை செய்யும் குடும்பம். அவளுடைய பெண் குழந்தையும் என் மகன் இருந்த அறையில்தான் இருந்தது. அது தவறிவிட்டது. தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததால் செல்வியை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பிள்ளை போனது அவள் உடம்புக்குத் தெரியவில்லை. நைட்டி நனைந்து நனைந்து போகும். வலி தாங்காமல் கழுவும் தொட்டியில் பாலைப் பிழிந்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுவாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். கேட்க வாய் வருமா? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எந்த நெஞ்சோடு கேட்பது?

பேறுகால நாட்களில் நமக்குத் தொழுகை இல்லை. கையேந்திக் கேட்கும் துஆவுக்குத் தடையில்லை. அன்று மதியம் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை விரித்துக் கையேந்தினேன். கண்ணீர்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. ரப்பே, பால் கொடு. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கண்ணைத் திறந்தால் செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, சாமிகிட்ட என்ன கேட்டீங்க?"

"பால் கேட்டேன்மா. எம் புள்ளைக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "எனக்குக் கட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க. வீணாத்தான் ஊத்தறேன். தம்பிக்கு ஆவுமான்னு டாக்டரம்மாவைக் கேளுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

என் வீட்டுக்காரர் உடனே பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். "தாராளமா கொடுக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே அவங்க உங்க புள்ளைக்குப் பால்குடித் தாய். அந்த உறவை விட்றாதீங்க" என்றார் ஹஜ்ரத். ஆஸ்பத்திரியில் செல்விக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அவள் பாலைப் பக்குவப்படுத்திக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். வயிறு உப்பவில்லை. என் மகன் குடித்த முதல் தாய்ப்பால் அதுதான்.

அந்த வார்டு நர்ஸ் என் அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். "ஏம்மா, பெத்த உடம்பு. வயித்தைக் காயப்போட்டா தெம்பு எங்க இருந்து வரும்? தண்ணி குடிக்கட்டும், மீன், முட்டை, கீரை, பயறு எல்லாம் சாப்பிடட்டும். அதோட விடாம பிழியணும்." அம்மா தயங்கினார். மறுநாள் செல்வியின் வீட்டிலிருந்து கம்பஞ்சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் வந்தன. செல்வி பாதியை என் தட்டில் வைத்தாள். அம்மா தடுக்கவில்லை. அடுத்த நாள் அவரே சுறாப்புட்டு செய்து கொண்டுவந்து, என் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் மெல்ல மெல்லக் கசிய ஆரம்பித்தது. பெருக்கெடுத்து ஓடியது என்று சொன்னால் பொய். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அது போதுமானதாக இருந்தது.

செல்வியை வீட்டுக்கு அனுப்பிய அன்று, "தம்பிய ஒருக்கா பாத்துட்டுப் போறனுங்க" என்று கேட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "நல்லா இரு சாமி" என்றாள். அந்த அறைக்குள் தன் மகள் இருந்த மூலையை அவள் பார்க்கவே இல்லை.

இன்று என் மகன் ஓடி விளையாடுகிறான். பெருநாளைக்குப் பெருநாள் புதுச்சத்திரம் கூட்டிப் போகிறோம். செல்வியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. போன வருடம் உண்டானதும் தங்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவள் வாசலில் நிற்பதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பிருப்பதில்லை.

சகோதரிகளே, பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள். பால் இல்லையே என்று அவளைக் குத்திக் காட்டாதீர்கள். உங்களில் யாராவது என்னைப் போல் வெறுங்கையோடு கிடந்தால், வார்த்தை வராவிட்டாலும் கையேந்துங்கள். கேட்கிறவன் இருக்கிறான். அவன் யார் கையால் கொடுப்பான் என்று நமக்குத் தெரியாது.

நான் இன்றும் ஒவ்வொரு தொழுகையிலும் செல்விக்காகக் கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும் நீங்களும் அவளுக்காக ஒரு ஆமீன் சொல்லுங்கள்.