மூன்று விரல் அட்ஜஸ்ட்

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் இங்கிலீஷ் பாடம் உள்ள நாளில் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். ஆகவே அட்ஜஸ்ட் என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் ஸ்டாப்புக்கு வரும் டவுன் பஸ்தான். இரண்டு பேர் சீட்டுக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பார். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் மடியில் உட்கார்ந்துவிடுவார். அதற்கும் பெயர் அதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சத்திரம் பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் தையல் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். எப்போதும் குனிந்தே இருந்ததால் என்னைப் பணிவானவன் என்று தெருவே நம்பியது. கடையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். "நாளைக்கே வேணும், அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், அடுத்தவன் துணியைத் தூக்கி ஓரமாகப் போடு என்று அர்த்தம். பேண்ட் குட்டையாகிவிட்டால் நான் சொல்வேன்: "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார், இப்ப இதான் ஸ்டைலு." தப்பு என்னுடையது, கால் உங்களுடையது என்று அர்த்தம்.

அதை அதிகம் சொன்னது என் மனைவி. ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வேலை தேடி வந்த என் தம்பியும் கூடத் தங்கியிருந்தான். "உனக்குச் சோறு இருக்கா?" என்று கேட்டால், "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்குறேங்க" என்பாள். அவள் வாயில் அதற்கு, மேலே கேட்காதீர்கள் என்று பொருள். நானும் கேட்கவில்லை.

பெண்களுக்கு நாங்கள் டேப் வைத்து அளவெடுப்பதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள், அதுதான் அளவு. கடைப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. மனைவிக்கும் அளவு ரவிக்கையை வைத்துத்தான் தைப்பேன்.

ஒரு ஆடி மாதம், "தோள் நழுவுதுங்க, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

துவைத்துத் துவைத்துத் தளர்ந்திருக்கும் என்று பிடித்துக் கொடுத்தேன். அதையே அளவாக வைத்துத் தீபாவளிக்குப் புதிது தைத்தேன். கார்த்திகையில் அதுவும் தளர்ந்தது.

"நம்ம டைலர் சரியில்லைங்க."

"ஆளை மாத்திடு" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பின் பின்னாலேயே இருமல் வந்தது. இன்னொரு விரல் பிடித்தேன். பொங்கலுக்கு அதை அளவாக வைத்து ஒன்று. தை முடிவதற்குள் இன்னொரு விரல். என்னிடமிருந்த அளவும் அவளோடு சேர்ந்தே இளைத்துக்கொண்டு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் வேறெதுவும் இல்லை. நான் பார்த்திருக்க வேண்டியது ரவிக்கையை அல்ல.

மாசியில் ஒரு நாள் பஸ்ஸில் போனோம். பெண்கள் சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி. நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாவதாக ஒரு அம்மாள் வந்ததும் இவள் நகரப் பார்த்தாள்.

"நீ நகர வேணாம்மா, எடம் தாராளமா இருக்கு" என்று உட்கார்ந்த அந்த அம்மாள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன?" என்றார்.

முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட பிறகுதான் நானும் பார்த்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"எவ்வளவு இளைச்சிருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு விரல் சார்."

விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் கோபித்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு நாள்தான் நான் விளையாடவில்லை. காசநோய், முற்றிவிட்டது என்றார். ஆனி வரை இருந்தாள்.

அதற்குப் பிறகு, ஒரே ரவிக்கையை இரண்டாம் முறை பிடிக்கச் சொல்லி யார் வந்தாலும் எனக்குக் கை ஓடுவதில்லை. அப்படி வந்த ஒரு பெண்ணிடம், "வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களாம்மா? இருமல் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் அவள் புருஷன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"தைக்கிறவனுக்கு அதெல்லாம் எதுக்குய்யா?"

அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து அடிங்க" என்றேன்.

அவர் அடிக்க வரவில்லை. ரவிக்கையை வாங்கவும் வரவில்லை. வெகுநாள் அது கடைக் கொடியில் தொங்கியது, பிடிக்காமலே.