தேவராஜ் அண்ணனும் நாங்கள் கைதட்டிய அந்த நாளும்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப் பார்த்துத்தான் தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முன்பு வேலை செய்த கார் பார்ட்ஸ் கம்பெனியின் சங்கச் செயலாளர். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்... போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

பழைய கம்பெனி குரூப்பில் "தொழிலாளர்களின் காவலர்", "தன்னலமற்ற தலைவர்" என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போடட்டும். எனக்குத் தெரிந்த தேவராஜ் அண்ணனைப் பற்றி லஞ்ச் பிரேக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனியில் இரண்டு ஜாதி. பெர்மனென்ட்டுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட்டுக்கு சாம்பல் சட்டை. அதே லைன், அதே மெஷின், அதே டார்கெட். ஆனால் சங்கத்தில் சேர நீலச் சட்டை வேண்டும். நான் சாம்பல்.

லைனில் பெண்கள் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்து கையில் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். மாதத்தில் அந்த நாட்களில் நாங்கள் பட்ட பாடு... சூப்பர்வைசரிடம் சொன்னால் பல்லைக் காட்டுவான்.

எப்படியோ அண்ணன் காதுக்குப் போனது. டோக்கனை வாங்கிக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனவர், அதை மேஜையில் வைத்தாராம். இன்றைக்கு நீங்களும் பாத்ரூம் போக வேண்டுமானால் என்னிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்லி, எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

மத்தியானத்துக்குள் டோக்கன் ஒழிந்தது.

லைனில் பாதிப் பேர் சாம்பல் சட்டைக்காரிகள். எங்களால் சங்கத்துக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனாலும் எங்களுக்காகப் போய் உட்கார்ந்தார். இதை இல்லை என்று சொன்னால் எனக்கு நல்ல சாவு வராது.

அதனால்தான் ஸ்ட்ரைக் என்றதும் யாரும் கூப்பிடாமலே நாங்களும் வெளியே வந்தோம். கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கு என்பதுதான் முதல் கோரிக்கை. அண்ணனே மைக்கில் படித்தார்.

உனக்கு ஏன் இந்த வேலை, நீ என்ன மெம்பரா என்று வீட்டில் தினமும் சண்டை. ஆனாலும் கேட்டுக்கு எதிரில் போட்ட பந்தலில் தினமும் உட்கார்ந்தோம். நீலச் சட்டையைவிட நாங்கள்தான் அதிகம் கத்தினோம்... எங்களுக்குத்தானே அது வாழ்வா சாவா.

பேச்சுவார்த்தை முடிந்த அன்று ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று கேட்டில் கை தூக்கி ஓட்டு. அந்தச் சங்கத்தில் எப்போதும் அப்படித்தான். மெம்பர் மட்டும்தான் கை தூக்கலாம். எண்ணும்போது கலந்துவிடக் கூடாது, கான்ட்ராக்ட் ஆட்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்றார்கள்.

போய் டீக்கடை ஓரமாக நின்றோம். நடுவில் லாரி மேல் லாரி. மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று சரியாகக் கேட்கவில்லை.

எல்லாக் கையும் மேலே போனது. நாங்கள் கைதட்டினோம்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். என் பக்கத்தில் நின்ற அமுதா விசில்கூட அடித்தாள்.

மறுநாள் நீலச் சட்டைகள் உள்ளே போனார்கள். எங்களிடம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேலை இல்லை என்றான் செக்யூரிட்டி. பெர்மனென்ட்டுக்குச் சம்பள உயர்வு, ஸ்ட்ரைக்கில் அவர்கள் மேல் போட்ட கேஸ் எல்லாம் வாபஸ்... கான்ட்ராக்ட் விஷயம் "பின்னர் பேசப்படும்". அதற்குத்தான் முந்தின நாள் அப்படிக் கைதட்டியிருக்கிறோம்.

அண்ணன் வெளியே வந்தார். "உங்களையும் சேத்து கேட்டுகினு இருந்தா யாருக்கும் ஒண்ணியும் கெடைச்சிருக்காதும்மா. மொதல்ல இவங்க உள்ள போவட்டும். அப்புறமா உங்களுக்குப் பேசலாம்னு கீறேன்."

நாங்கள் கைதட்டியதைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். பார்த்தேன் என்றார். பார்த்துவிட்டும் ரோட்டைத் தாண்டி வந்து, இது உங்களுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நியாயம் கேட்கத் தெரிந்த மனிதர்... அதனால்தான் வயிறு எரிகிறது.

அவர் சொன்ன அந்த "அப்புறம்" வரவே இல்லை.

ரொம்ப நாள் கழித்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ரிட்டயர் ஆகி, ஆள் பாதியாகியிருந்தார். "இன்னாம்மா செல்வி, எங்க கீற இப்போ?" என்றார்.

குடோனில் பேக்கிங் வேலை என்றேன். அங்கே சங்கம் இருக்கிறதா என்று கேட்டார். அந்த இடத்தில்கூட அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"இன்டர்வியூல மொத கேள்வியே அதாண்ணா. எந்த சங்கத்துலயாவது மெம்பரா இருந்தியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். பொய் சொல்ற வேலையே இல்ல. நீங்கதான் எங்களைச் சேத்துக்கவே இல்லியே. அதனாலதான் வேலையே கெடச்சுது."

முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும் என்றுதான் சொன்னேன். அவருடைய பஸ் வந்தது, ஏறவில்லை. அது போன பிறகு, அங்கே ஏதாவது பிரச்சினை என்றால் போன் பண்ணு, நான் வந்து பேசுகிறேன் என்றார்.

நான் பண்ணவில்லை. பண்ண வேண்டிய நாட்கள் நிறைய வந்தன... வீம்பு.

சாயந்தரம் எடுக்கிறார்களாம். அரை நாள் லீவு கேட்டேன். சொந்தமா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்காகப் போய்க் கேட்க இங்கே யாரும் இல்லை.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. போய்ட்டு வாங்கண்ணா.