தையற்கடை வீட்டு அமரர் ஊர்தி

தையல்காரர் தைப்பது கல்யாணத் துணி மட்டும்தான். வீட்டின் முன்னறையே கடை. அளவு கொடுக்க வரும் மணப்பெண்ணோடு சித்தி, அத்தை என்று ஒரு படையே வந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். அப்படிப்பட்ட வீட்டில் அவர் மனைவி ஒருநாள், "அமரர் ஊர்தி வாங்கி ஓட்டப் போறேன்" என்றாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். தன் அப்பா இறந்தபோது வந்த வண்டிக்காரன் அவரை மூட்டை மாதிரி ஏற்றியதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இந்த யோசனை. விஷயம் கேள்விப்பட்டு தையல்காரரின் அக்கா ஓடிவந்தாள்.

"ஏண்டா, கல்யாணத் துணி தைக்கிற வீட்டு வாசல்ல சாவு வண்டி நின்னா எவ வருவா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேர் யாரென்று இதுவரை எவரும் கண்டதில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பிழைப்பு போய்விடுமோ என்று தையல்காரரும் பயந்தார். "ஓட்டிக்கோ. ஆனா வண்டி வாசலுக்கு வரக் கூடாது" என்றார். அவளும் வண்டியை மார்க்கெட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

ஒரு காலையில் அவளோடு உடலைத் தூக்குகிற ஆளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் புருஷனைக் கூப்பிட்டாள். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார் மனுஷன். ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரின் உடல். கூட வர ஒரு மகள் மட்டும். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அவர் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள் மனைவி. சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். வண்டி கிளம்பியது.

முதல் திருப்பத்தில் முன்னாலிருந்து அவள் குரல் வந்தது. "ஐயா, வளைவு வருது. பயப்படாதீங்க, மெதுவாத்தான் போறேன்."

பின்னால் மகளோடு உட்கார்ந்திருந்த தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய வாய். மேடு வந்தபோதும் சொன்னாள், பள்ளம் வந்தபோதும் சொன்னாள். அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, கேட்டுச்சா?" என்று உடைந்து அழுதாள். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இவள் யாரென்றே தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று தையல்காரர் மலைத்துப் போனார். முகத்துத் துண்டு எப்போது நழுவியதென்று அவருக்கே தெரியாது.

திரும்பும்போது அவள் வழக்கம்போல மார்க்கெட் பக்கம் வண்டியை ஒடித்தாள்.

"எங்க போற? வீட்டுக்குப் போ."

"வாசலுக்கா? அளவு குடுக்க ஆள் வர்ற நேரங்க."

"வரட்டும்."

வந்தார்கள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் மணப்பெண்ணின் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தைக்கக் கொடுத்திருந்த பட்டைத் திருப்பிக் கேட்டாள். தையல்காரர் மடிப்புக் கலையாமல் பையில் போட்டு நீட்டினார்.

"யார் வண்டிங்க இது?" என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"என் சம்சாரம் ஓட்டுற வண்டிங்க" என்றார் தையல்காரர், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி.