கரம்பையோடு வந்த ஓடுகள்

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு மேட்டுப் பருத்திக் காட்டில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் நெருக்கமாகச் சிதறிக் கிடந்தன. பண்டைய வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த நான், வாரந்தோறும் திருநகரிலிருந்து பேருந்தில் போய், நிலத்தைக் கயிற்றால் கட்டங்களாகப் பிரித்து, ஓடுகளைப் பொறுக்கி எண்ணிட்டேன். காட்டுக்கு அடியில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஊர் ஒன்று புதைந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவின் மேல்தான் என் ஆய்வேடு நின்றது.

நிலத்துக்குரிய தம்பதியர் அவ்வாண்டு அங்கே கிணறு வெட்டவிருந்தனர். பொறுத்துக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். "படிச்ச புள்ள சொல்லுது, இருக்கட்டும்" என்றார் அந்த அண்ணன். தண்ணீரின்றிப் பருத்தி பாதி காய்ந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரங்கள் இருந்தபோது, கடைசிப் படங்கள் எடுக்கப் போயிருந்தேன். அவர் மனைவி முதன்முறையாக என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, இம்புட்டு நாளா இதயா பொறக்கிக்கிட்டுக் கெடந்த? தங்கம் கிங்கம் தேடுறேன்னுல நெனச்சோம். இது கம்மாயில கெடக்குற ஓடு!"

"கம்மாயிலயா? இங்க எப்புடிக்கா வந்துச்சு?"

"கரம்பையோட வந்துச்சு. மூணு வருசத்துக்கு முந்தி டிராக்டர்ல நடை நடையா அடிச்சோம்ல."

வரப்பில் நின்ற அண்ணன் சிரித்தார். "நீயும் சம்சாரி வீட்டுப் புள்ளதான? ஒங்கப்பா கரம்பை அடிக்க மாட்டாரா?"

அடித்திருக்கிறார்; அவரும் விவசாயிதான். கண்மாய் வற்றியதும் அதன் வண்டலை அள்ளி வந்து காட்டில் கொட்டுவது எங்கள் வீட்டிலும் வழக்கந்தான். ஆனால், ஆய்வாளராக வந்து நின்றபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவள், நிலத்துக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

உடன் ஆய்வு செய்த தோழியிடம் சொன்னேன். "பேசாம குடுத்துட்டு வேலையப் பாருடி. எவ வந்து தோண்டிப் பாக்கப் போறா?" என்றாள். அதுதான் என்னை உறுத்தியது. யாரும் சரிபார்க்காமல் அச்சேறினால், அடுத்து வருபவர்கள் அதையே ஆதாரமாகக் கொள்வார்கள். தொல்லியல் இடமென்று ஆனால் அந்தக் குடும்பத்தின் கிணறும் நின்றுபோகும். மறுநாள் நெறியாளரிடம் உண்மையைச் சொல்லி அந்த அத்தியாயத்தை நீக்கினேன். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது.

கிணறு வெட்டிய நாள்களில் நானும் போய் நின்றேன். உழவு ஆழத்துக்குக் கீழே செம்மண், பிறகு பாறை. ஓர் ஓடுகூட இல்லை. கண்மாயில் நீர் அரித்த கரையிலோ ஓடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஊர் அங்கேதான் இருந்திருக்கிறது. வண்டலோடு தடயங்கள் இடம் பெயர்வதைப் பற்றிப் புதிய அத்தியாயம் எழுதினேன். இன்று கல்லூரியில் என் மாணவர்கள் களத்துக்கு எடுத்துச் செல்லும் படிவத்தில் முதல் கேள்வி, "இந்த நிலத்தில் கரம்பை அடித்ததுண்டா?" என்பதே. நான் எழுதிய கட்டுரைகள் எவற்றையும்விட அந்த ஒரு வரியில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்தப் புதிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பில், கண்டறிந்து சொன்னவர்கள் என்று அந்த இருவரின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தேன். அச்சுப்படியைக் கொண்டுபோய்க் காட்டியதும் அக்கா பதறினார்.

"எங்க பேர எதுக்குத்தா போட்ட? அனுமதி வாங்காம கம்மா மண்ண அள்ளுனதுக்குப் பிடிச்சுட்டுப் போயிரப் போறாய்ங்க!"

அண்ணனோ கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, திருப்பூரில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.