குமரனைத் தேடும் புரோகிராம்

வேதியியல் கணக்குப் போடும் மென்பொருளை எல்லா வகைக் கணினியிலும் ஓட வைத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று ஒருமுறையாவது வாய் கூசாமல் சொன்ன சக பாவிகளே, இது உங்களுக்காக.

ஒரு ரசாயனத்தைச் சொன்னால், அதை எவ்வளவு சூடு வரை தைரியமாகச் சூடாக்கலாம் என்று எங்கள் புரோகிராம் சொல்லும். ஆபீஸ் தமிழர் கடைவீதியான தேக்காவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. புரோகிராமில் பாதியை எழுதியவன் குமரன். நாலு மாதம் முன்பு பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். ஏர்கான் குளிருக்கு அவன் போடும் ஸ்வெட்டர் இன்னும் அந்த நாற்காலியில்தான் தொங்குகிறது. லினக்ஸில் அவன் எழுதியதை விண்டோஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது.

பொங்கோலிலிருந்து ஒரு போன்

முதல் பிரதி பொங்கோலில் இருக்கும் ஒரு வேதியியல் ஆசிரியைக்குப் போனது. மறுநாளே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் தயக்கம்தான் இருந்தது. "சார், தெறந்த உடனே உங்க புரோகிராம் குமரன்னு ஒருத்தரைத் தேடுது. காணோம்னு ஒரு வரி போட்டுட்டு, அப்புறம்தான் கணக்கே போடுது. யாரு சார் அவரு?"

மூன்றுக்கு ஒன்று

எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குமரன் தன் கணினியில் இருந்த சொந்த ஃபோல்டரின் முகவரியை அப்படியே புரோகிராமுக்குள் எழுதிவைத்திருக்கிறான். நாம் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். எதற்காகத் தேடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். நான் அந்த எச்சரிக்கை வரியை மட்டும் திரையில் வராமல் வாயடைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

அடுத்த பிரதி தெம்பனிஸில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு. பொறுப்பாளர் வசந்தி. புதிய கலவை ஒன்றைப் பெரிய கலனில் சூடாக்கப் போகிறார்கள், பக்கத்தில் ஆறு பேர் நிற்பார்கள். அவருடைய மூன்று கணினிகளும் ஒரே விடை சொல்லின. சரிபார்க்கலாமே என்று அதே கலவையைக் குமரனின் பழைய கணினியில் போட்டுப் பார்த்தேன். அது மட்டும் இருபது டிகிரி குறைத்துச் சொன்னது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே பிடிவாதம். வெள்ளிக்கிழமை மாலை வசந்தியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மூணு மெஷின் ஒண்ணு சொல்லுது, உங்க ஒத்த மெஷின் வேற சொல்லுது. எதை சார் நம்புறது? திங்கக்கிழமை காலையில சூடு பண்றோம் லா."

ஞாயிறு மதியம்

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போனேன். கீழே தேக்கா முழுக்க லீவு நாளுக்கு வந்த வெளிநாட்டு ஊழியர் கூட்டம், மேலே நான் மட்டும். குமரனின் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே அவன் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன ஃபைல். சில வகைக் கலவைகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் எண்கள் தவறு என்று கண்டுபிடித்து, சரியான எண்களை எழுதிவைத்திருந்தான். அந்த ஃபைல் கிடைக்காவிட்டால் புரோகிராம் சத்தமில்லாமல் பழைய எண்களுக்குப் போய்விடும். உலகத்திலேயே அது இருந்தது இந்த ஒரு கணினியில்தான். முதல் வரியில் அவனுக்கு அவனே எழுதிக்கொண்ட குறிப்பு: 'வெளியே அனுப்புறதுக்கு முன்னாடி இதை உள்ளே சேர்த்துடு, மறந்துடாதே.' என்னிடம் சொன்னது போலவே இருந்தது.

பக்கத்தில் சோதனை அறிக்கைகள் வரிசையாக இருந்தன. கடைசி அறிக்கை இரண்டு நாள் முன்பு, குமரன் பெயரில் வந்திருந்தது. கணினிகளைப் பராமரிக்கும் ரஃபீக்குக்குப் போன் போட்டேன். குமரன் ஏற்பாடு செய்துவிட்டுப் போன வாராந்திர சோதனை தானாக ஓடுகிறது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த அக்கவுண்ட்டைப் போன மாசமே அழிக்கச் சொன்னாங்கண்ணே. வெள்ளிக்கிழமை மூணு மணி ஆனா அவர் பேர்ல வேலை ஓடுது. எப்படிண்ணே கை வைக்கிறது? விட்டுட்டேன்."

ஒரு துளி

அடுத்த நிமிடமே வசந்தியைக் கூப்பிட்டேன். அந்த எச்சரிக்கையை மறைத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆறு பேர் உயிரைவிட என் மானம் பெரிதில்லை. வசந்தி திட்டவில்லை. திங்கட்கிழமை பெரிய கலனை நிறுத்திவைத்து, ஒரு துளியை மட்டும் சோதனைக் கருவியில் வைத்துச் சூடாக்கினார். பதினோரு மணிக்குப் போன் வந்தது. "உங்க மெஷின் சொன்ன அதே சூட்டுல வெடிச்சிருச்சு சார். அந்த மெஷின்ல யாரு சார் உட்கார்ந்திருக்காங்க?"

இப்போது திருத்திய எண்கள் எல்லாக் கணினிக்கும் போகின்றன, குமரனைத் தேடும் வரி போய்விட்டது, ஆனால் எங்கள் ஆபீஸில் செத்த பிறகும் ஒழுங்காக வேலை பார்த்தவன் யார், உயிரோடு இருந்தும் டீ குடிக்கப் போனவன் யார் என்று வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அந்த ஸ்வெட்டர் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வந்துவிடுகிறது.