கரை மேல் போகாத கார்

என் சிநேகிதி பினாங்கிலிருந்து வந்து இறங்கியபோது அவள் கைப்பையில் இருந்தது வெளிநாட்டு பாஸ்போர்ட். அதன்படி பார்த்தால், காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சுற்றிய சுற்று அவளுக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம். எனக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது, திருத்தாத பரீட்சைத் தாள் ஒரு கட்டு வீட்டில் காத்துக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியில் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் பிறந்தவர்கள் நாங்கள். அவளை மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நான் டீச்சர் டிரெய்னிங் முடித்து, உத்திரமேரூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவளுடைய அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபிறகு ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. பத்து வருஷம் கழித்து வந்தவள் காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள்.

சின்ன வயசில் நாங்கள் இரண்டு பேரும் திரிந்த இடமெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும், அதுவும் காரில்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“பஸ்ஸுல போனா இன்னாடி?” என்றேன்.

“பஸ்ஸுல நின்னுக்கினே போனதெல்லாம் போதும்லா. இன்னிக்கி உக்காந்துக்கினு போறோம்.”

அந்த ‘லா’ பினாங்குச் சரக்கு. மற்றதெல்லாம் நம் ஊர்தான். கறுப்புக் கண்ணாடி, பூப் போட்ட நைலக்ஸ் புடவை, கையில் கைக்கடிகாரம். பக்கத்தில் நான் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், பள்ளிக்கூட ஆய்வுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தாமல். அவள் பெரியம்மா வீட்டுக்குக் கோடை விடுமுறையில் போவோம். ஏரி வற்றினால் சேற்றில் இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டி, சுட்டுத் தின்போம். அன்றைக்கு ஏரி தளும்பிக் கிடந்தது. கிழங்கு எங்கே கிடைக்கும்? பெரியம்மா வீட்டையும் யாருக்கோ விற்றுவிட்டிருந்தார்கள். அவள் கரையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். நான் அழவில்லை. அல்லிக்கிழங்கை நாங்கள் ஆசைக்குத் தின்னவில்லை, பசிக்குத் தின்றோம். அதை அவள் மறந்துவிட்டாள் என்பதில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மானாம்பதியில் டீ குடிக்க நிறுத்தினோம். காரிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கியதும் பெஞ்சில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். ஒருவர் டீயைக்கூட முடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கரும்புக்கொல்லை பக்கம் பறந்தார். எனக்குப் புரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

“கார்ல பொம்பளைங்க வந்தா குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸருங்கதானம்மா? ஆப்பரேசனுக்குப் புடிச்சிக்கினு போயிடுவீங்கன்னு பயம்” என்றார். அவரும் அடுப்புக்கு அந்தப் பக்கமாகவே நின்றுகொண்டு பேசினார்.

சிநேகிதி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். காரும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தால் ஆம்பளைகள் ஓடுகிறார்கள் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

உத்திரமேரூரில் நாங்கள் தங்கிப் படித்த மாணவியர் விடுதி. அரசாங்க விடுதிதான். சோற்றில் புழு நெளிந்த ஒருநாள் அவள் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள், அடுத்து நான் தட்டினேன், பின்னாலேயே எல்லோரும் தட்டினார்கள். எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து அரிசியைப் புடைத்துப் போட்டார்கள். விடுதி வாசலில் நின்று அந்தக் கதையை டிரைவரிடம் சொன்னாள். காஞ்சிபுரத்துக்காரரான அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்ததால் கதை ருசிக்கவில்லை.

அதுவரை எல்லாம் சுகமாகத்தான் போனது. பாக்கி இருந்தது எங்கள் ஊர்.

எங்கள் காலனியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு. நேராக நடந்தால் பத்து நிமிஷம். இன்னொன்று ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவது. மழைக்காலத்தில் முழங்கால் சேறு, கோடையில் முள். நாங்கள் கரைமேல்தான் போவோம். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. கூலி வேலைக்கு வந்தவர்கள் தெருவில் போகலாம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. படிக்கப் போகிறவளும் வேலைக்குப் போகிறவளும் சும்மா போவதானால் கரைமேல். அப்படியே பழகிவிட்டது. டீச்சர் ஆன பிறகும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கரைமேல்தான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்!

காரணம் என் நைனா. ஏரி மதகைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை அவருடையது. சம்பளம் கிடையாது. அறுப்புக்கு அறுப்பு ஊர்க்காரர்களின் களத்தில் அவருக்கு மரக்காலால் நெல் அளப்பார்கள். தெருவில் நான் செருப்போடு நடந்தால் களத்தில் அவருக்கு மரக்கால் நின்றுவிடும்.

ஊர் பிரிகிற இடத்தில் டிரைவர் காரை நிறுத்தினார்.

“எப்டிம்மா போறது?”

“இங்கயே நிறுத்துங்க. கரை மேல நடந்து போயிடுறோம்” என்றேன்.

சிநேகிதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். “நீ இன்னும் கரை மேலதான் போறியா?”

நான் கதவுப் பிடியைத் தேடினேன்.

“டீச்சரா கீற. இன்னும் கரை மேலதான் போறியாடி?”

“உனக்கு ரிட்டர்ன் டிக்கெட் கீது. பேசுவ” என்றேன். எனக்குக் கோபம் வந்தது. பத்து வருஷம் கழித்து வந்து ஒருநாள் வீரம் காட்டிவிட்டுப் போகிறவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவா முடியும்?

“கரை மேல கார் போவாதும்மா” என்றார் டிரைவர். அவருக்கு அவர் கவலை. சிநேகிதி தெருவைக் கை காட்டினாள், அவரும் திருப்பிவிட்டார். நான் சீட்டில் சரிந்து, வெளியே தலை தெரியாமல் உட்கார்ந்துகொண்டேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

நடுத்தெருவில் நெல் காயப்போட்டிருந்தார்கள். கார் நின்றது. நின்ற இடம் ஊரிலேயே பெரிய வீட்டின் வாசல். ஏரிப் பாசனத்தில் அந்த வீட்டுக்குத்தான் அதிக நிலம். பெரியவர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். வரும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வாங்கம்மா, வாங்க! மதகு பாக்க ஆபீஸர் அம்மா வருவாங்கன்னு சொன்னாங்க. தெனிக்கும் பாத்துக்கினுதான் கீறோம்.”

ஞாயிற்றுக்கிழமையில் எந்த ஆபீஸர் வருவார் என்று அவர் யோசிக்கவில்லை. காரைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. சிநேகிதி ஜம்மென்று இறங்கினாள். எனக்கும் இறங்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாற்காலி வந்தது. எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது, அவர் மனைவியே கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என்றைக்கு ஏறிட்டுப் பார்த்தார்?

நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தேன். பெருங்காயம் தூக்கலாக, நன்றாகத்தான் இருந்தது.

“சொல்லுங்க, மதகுக்கு என்னா?” என்றாள் சிநேகிதி. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள்.

“தண்ணி நிக்க மாட்டேங்குதும்மா. காலனிப் பசங்க ராவோட ராவா மதகுப் பலகய பேத்து வித்துட்றானுங்க. தண்ணி பாய்ச்சறவன் ஒருத்தன் கீறான், அவனும் கூட்டு. திருட்டுப் பசங்க. அத எழுதிக்கங்க.”

தெருவில் நடக்கப் பயந்தவள், காரில் தலையைக் குனிந்துகொண்டவள் நான்தான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

“போன ஐப்பசி மழையில மதகு பிச்சிக்கினு உங்க பயிரெல்லாம் முழுகப் போச்சே, அப்ப தண்ணிக்குள்ள எறங்கி அடச்சது யாருங்க?”

அவர் அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“எங்க நைனா. அன்னிலேர்ந்து அவருக்கு ஒரு காது கேக்கல. அவரு திருடனா?”

“நீ... யாரு வூட்டுப் பொண்ணு?”

“மதகுக்காரர் பொண்ணு. காலனி. டீச்சரா கீறேன்.”

கக்கத்தில் இருந்த துண்டு மறுபடி அவர் தோளுக்கு ஏறியது. நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இன்னா தைரியம்டி உனக்கு! அந்த டம்ளர கழுவிக் கமுத்திட்டுப் போ.”

டம்ளரில் இன்னும் பாதி மோர் இருந்தது. நான் உட்கார்ந்தேன். ஆமாம், மறுபடியும் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். மீதியை நிதானமாகக் குடித்தேன். டம்ளரைத் தரையில் வைத்தேன்.

“கழுவ மாட்டேன். கேட்டு வாங்கிக் குடிக்கல. நீங்க குடுத்தீங்க” என்றேன்.

டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். காரில் ஏறியபிறகு டிரைவர்தான் புலம்பிக்கொண்டே வந்தார். “ஒரே பேஜாரா பூட்ச்சே, கண்ணாடிய ஒடச்சா யாரும்மா பதில் சொல்றது?” சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது அவளுக்கு. அப்போதுதான், தான் இன்னும் சில நாளில் விமானம் ஏறிவிடப்போவது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். “என்னாலதான்டி” என்றாள். “உன்னால ஒண்ணும் இல்ல. பேசினது நான்” என்றேன். அந்தப் பெருமையை அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் அவள் காஞ்சிபுரம் திரும்பினாள். கார் அதே தெருவழியாகத்தான் போனது. கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை.

சேதி நைனாவுக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து தள்ளியே நின்று சொல்லிவிட்டுப் போனான்: இனிமேல் மதகுப் பக்கம் வர வேண்டாம், களத்துக்கும் வர வேண்டாம். நைனா கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். திட்டப்போகிறார் என்று நான் சுவரோரம் நின்றேன். அந்த நெல் இல்லாவிட்டால் வருஷத்தில் பாதி நாள் என் சம்பளத்தில்தான் எல்லோருக்கும் சோறு.

“என்னத் திருடன்னு சொன்னானா?” என்றார்.

“ஆமா நைனா.”

“நீ இன்னா சொன்ன?”

சொன்னேன். மோர், டம்ளர், நாற்காலி எல்லாம் சொன்னேன்.

“நாளைக்கி எந்த வழியா போவ?” என்றார் கடைசியில்.

எனக்கும் அதுதான் கேள்வி. காரில் ஏறிக்கொண்டு, பக்கத்தில் சிநேகிதி இருக்க, ஆபீஸர் என்று நினைத்தவரிடம் பேசிவிடலாம். அது ஒருநாள் கூத்து. திங்கட்கிழமை கரைமேல் போனால் ஊர் சிரித்துவிட்டுத் தூங்கப் போகும், நைனாவின் மதகு போனதுதான் மிச்சம்.

“தெருவுல” என்றேன்.

“சீக்கிரம் கெளம்பு. நின்னு சண்ட போட்டுக்கினு இருந்தா பஸ்ஸு பூடும்” என்றார்.

காலையில் தலை பின்னி, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டி, செருப்பை வாசலிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காலனியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், யாரும் கூட வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தெருவில் கால் வைத்ததும் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெரிய வீட்டு வாசலில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு இருந்தது.

“இன்னாடி, கார் எங்க?” என்றார். திண்ணைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“கார் பூட்ச்சி. நான் இங்கதான் கீறேன்” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நிற்காமல் நடந்தேன்.